ஷெட்டைக் கழுவுவது போல

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன், வாசலைக் கூட்டினேன், ஜெபம் சொன்னேன், இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். எட்டு மணிக்குத் தீவன ஆலைக்குப் போனேன். முட்டைக் கோழிப் பண்ணையின் சொந்த ஆலை அது. அதன் ஓரத்தில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. வருகிற மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை பிடித்திருக்கிறதா, ஷெட்டுக்குப் போகும் தண்ணீர் கோழிக்கு ஆகுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அன்று வந்த லோடில் ஈரம் சற்று அதிகம். களத்தில் காயவைத்த பிறகே எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து மணிக்குப் பண்ணை சூப்பர்வைசர் வழக்கம்போலத் தண்ணீர்ப் புட்டியோடு வந்தார். எப்போதும் போல வாசலிலேயே நின்றுகொண்டார்.

"லேப்பம்மா, நாலாம் ஷெட்டுத் தண்ணி. குளோரின் பத்துதானு பாருங்க."

பார்த்தேன். "போதும். போதுமானதுக்கு மேலேயே இருக்கு."

"மேல இருந்தாத் தப்பில்லீங்க. கீழ போனாத்தான் தப்பு."

சொல்லிவிட்டுப் புட்டியை வாங்கிக்கொண்டு போனார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

அவர் பெயரைப் பண்ணையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சூப்பர்வைசர் என்றால் அவர்தான். நான் சேலம் டவுனிலிருந்து இந்த வேலைக்கு வந்தபோது, மல்லசமுத்திரம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் பண்ணைக் குடியிருப்பில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டைக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பதினோரு வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். தடித்த கழுத்து, சின்னக் கண்கள், நகம் ஒட்ட வெட்டிய விரல்கள். கைகளில் எந்நேரமும் கிருமிநாசினி வாடை.

கோழி ஷெட் ஒவ்வொன்றின் வாசலிலும் ஆழமில்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். அதில் மருந்துத் தண்ணீர். செருப்புக் காலை அதில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எல்லாப் பண்ணையிலும் உள்ள வழக்கம் அது. அவர் தன் வீட்டு வாசலிலும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் அதே தண்ணீரை வைத்திருந்தார். விருந்தாளி வந்தாலும் காலை நனைத்தாக வேண்டும். அவருடைய மச்சினன் ஒவ்வொரு முறையும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நிற்பார்.

"அக்கா, சீக்கிரம் வந்து பாரு. மாமன் என்னையும் கூண்டுல போட்டுருவாராட்ட இருக்குது."

"போட்டா முட்டையாவது உடுவியாடா?" என்பார் இவர் உள்ளேயிருந்து. "உனக்கு வைக்கற தீவனம்தான் தெண்டம்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் மச்சினன் காலை எடுக்கிறவரை பார்வையைப் பேசினிலிருந்து எடுக்கமாட்டார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வாலிபத்தில் அவர் வேலை பார்த்த வேறொரு பண்ணையில் நோய் விழுந்து ஒரு ஷெட் முழுக்க இரண்டு மூன்று நாளில் செத்துப்போயிற்றாம். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார். "கோழி ஷெட்டுன்னா எட்ட வாரப்பவே எரைச்சலு கேக்கோணுங்க லேப்பம்மா. அன்னைக்குக் காத்தால கதவைத் தொறக்கறேன், ஒரு சத்தமும் இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு பண்ணுன வேலை." கண்ணுக்குத் தெரியாததை அவர் அன்றிலிருந்து மன்னிக்கவில்லை. தயிரைத் தொடமாட்டார். முதல்நாள் அரைத்த மாவில் இட்லி சுட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பார். புளித்தது என்றால் கிருமி, கிருமி என்றால் சாவு. அவர் கணக்கு அவ்வளவுதான்.

ஒரு பேட்ச் கோழி முட்டைக் காலம் முடிந்து கறிக்குப் போனதும் ஷெட் காலியாகும். எருவை வாரி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பார்மலின் புகை போட்டு, சில வாரம் வெறுமனே பூட்டிவைப்பார்கள். பிறகுதான் அடுத்த பேட்ச் ஏற்றுவது. இந்த வேலையை அவரைப்போலச் சுத்தமாகச் செய்கிற ஆள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மற்ற பண்ணைக்காரர்கள் வந்து பார்த்துப் போவார்கள். நல்ல வேலைக்காரர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஷெட் காலியாகும்போதெல்லாம் அவர் தன் வயிற்றையும் காலி செய்தார். கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் பவுடரில் கொஞ்சம் எடுத்து, வெல்லத்தோடு உருட்டி விழுங்குவார். நாலைந்து நாள் அப்படி. எனக்கு அது தெரியவந்தது அவர் எனக்கும் ஓர் உருண்டை நீட்டியபோது.

"பேட்ச் போச்சுங்க. ஷெட்டைக் கழுவுனாப்பல உள்ள இருக்கறதையும் கழுவிப்போட்டா அடுத்த வருசத்துக்குக் கவலையில்ல."

"இது கோழி மருந்துங்க. டாக்டர் சொல்லாம மனுசங்க சாப்பிடக் கூடாது."

"கோழிக்கு ஒத்துக்குது, எனக்கு ஒத்துக்காதுங்களா? அதுக்கும் கொடல்தான், எனக்கும் கொடல்தான்."

இதை அவர் ஒளித்துச் செய்யவில்லை. சளி பிடித்தாலும் அதுதான், வயிற்றுப்போக்கு வந்தாலும் அதுதான். இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் இன்னும் சிலர் அப்படிச் செய்வதைப் பிறகு அறிந்தேன். மருந்து எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. கோழி பிழைப்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஆகவே நம்புகிறார்கள்.

பண்ணை ஆட்கள் விடியுமுன்னே வேலை தொடங்குவதால் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணசருவது வழக்கம். அவரும் படுப்பார். குறட்டை என் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு நாள்தான் கவனித்தேன், குறட்டை பாதியில் அறுந்து நின்றது. எச்சில் விழுங்கக்கூடப் பயந்து காத்திருந்தேன். ஏதோ அடைப்பை உடைத்துக்கொண்டு வருவது போல ஒரு பெரிய இழுப்பு, பிறகு மறுபடி குறட்டை. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது.

அக்காவிடம் கேட்டேன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"ரொம்ப வருசமாவே அப்படித்தானுங்க. நின்னுச்சுன்னா தோளைத் தொட்டு ஏனுங்கம்பேன். இருக்கறேன் இருக்கறேன்னு சொல்லிப்போட்டு மறுக்கா தூங்குவாரு."

"ராத்திரியிலயும் இப்படியா? நீங்க எப்ப தூங்குவீங்க?"

அக்கா அந்தக் கேள்விக்குச் சிரித்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புக்கு அர்த்தம் அன்று புரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் என் இரத்த அழுத்தத்துக்காக ஒரு மிஷின் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அவரை உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினேன். மேல் அளவு இருநூறைத் தொட்டது. மிஷின் கெட்டுப்போயிற்றோ என்று என் கையில் சுற்றிப் பார்த்தேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனோம். சொல்வது புரியவேண்டும் என்று அக்கா என்னையும் கூட்டிப்போனார். தூங்கும்போது எடுக்கும் பரிசோதனையும் எடுத்தார்கள். தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு பயந்து அழுத்தத்தை ஏற்றுகிறது என்றார் டாக்டர். தினமும் மாத்திரை, எடை குறைப்பு, தூங்கும்போது மூக்கில் காற்றை ஊதும் முகமூடி. எல்லாம் எழுதி முடித்து, "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்றார்.

அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"கோழி மருந்து திங்கறாருங்க" என்றார் அக்கா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னதை வீடு திரும்பியதும் எழுதிவைத்தேன். குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் தின்னும் நாரை அவை தின்று சில அமிலங்களைச் செய்கின்றன. அவை இரத்தத்தில் கலந்து இரத்தக் குழாய்கள் இறுகாமல் இருக்க உதவுகின்றன. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு நரம்பு ஓடுகிறது. மூச்சை நடத்துகிற மூளைப் பகுதிக்கும் குடலிலிருந்து சேதி போகிறது. நுண்ணுயிர்களை மருந்து போட்டு அழித்தால் இந்த ஏற்பாடு தடுமாறலாம். மூச்சு நின்று நின்று வருவதாலும் குடல் கெடுகிறது. ஒன்று மற்றொன்றைக் கீழே இழுக்கிறது.

"இதெல்லாம் பெரும்பாலும் எலிகள்ல பார்த்தது" என்றும் சொன்னார். "மனுசங்கள்ல இன்னும் பாதிதான் தெரியும். உங்க பவுடராலதான் பிரஷர் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். கழுத்து தடிப்பு இருக்கு, உப்பு இருக்கு, வயசு இருக்கு. ஆனா அந்தப் பவுடரை இன்னையோட விட்டுருங்க."

அவர் கேட்டார். "அப்ப கிருமி இருக்கோணும்கறீங்களா?"

"இருக்கணும்."

"எனக்குள்ளயா?"

"எல்லாருக்குள்ளயும்தான். எனக்குள்ளயும்."

அவர் டாக்டரின் வயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்குள் யாரோ பல வருடமாகக் குடியிருப்பதாகச் சொன்னால் ஒரு மனிதன் எப்படிப் பார்ப்பானோ அப்படி.

அடுத்த வாரம் குஞ்சு வந்தது. பொரித்து ஒரு நாளான குஞ்சுகளுக்கு முதல் தண்ணீரில் ஒரு பவுடர் கலப்பார்கள். நான் அந்தப் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"குஞ்சுக்கு வயித்து மருந்து. வருசக்கணக்கா நானேதான கலக்கறேன்."

"இதுல இருக்கறது உயிரோட இருக்கற கிருமிங்க. குஞ்சு வயித்துல குடியேறட்டும்னு குடுக்கறது."

பாக்கெட்டைத் தூரப் பிடித்துப் படித்தார். நான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார்.

"கோழி ஒண்ணரை வருசம் இருந்தாப் போதுங்க. நானு அப்படியா?" என்றார்.

ஆனாலும் அவர் முயன்றார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன். பவுடரை நிறுத்தினார். காலையில் கம்பங்கூழ். மத்தியானம் மோர். முதல் நாள் அந்த மோரைக் கொதிக்கவைத்துத் தரச் சொன்னார். அது திரிந்து கட்டி கட்டியாக நின்றது.

"இதையுங் கொன்னுபோட்டுத்தான் குடிக்கோணுமா?" என்று அக்கா டம்ளரோடு என் வீட்டுக்கே வந்து காட்டிச் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை அக்காவிடம் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பச்சை மோர் குடித்தார். இரவில் முகமூடி போட்டார். "ரிக் வண்டி கம்ப்ரசராட்ட ஊதுதுங்க. போர் போடறதுதான் பாக்கி" என்பார். ஆறேழு மாதத்தில் அழுத்தம் இறங்கியது. அது மாத்திரையாலா, முகமூடியாலா, எடை குறைந்ததாலா, மோராலா என்று பிரித்துச் சொல்லமுடியாது என்றார் டாக்டர். எதுவானாலும் சரி, அக்கா இரவில் தூங்கினார்.

பகல் தூக்கத்துக்கு மட்டும் அவர் முகமூடியைப் போட மறுத்தார். "கண்ணசர்றதுக்கு எதுக்குங்க மூஞ்சிக்கு மூடி?" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே மத்தியானம் மட்டும் அக்கா பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

2022 கோடையில் பக்கத்துப் பண்ணை ஒன்றில் நோய் என்று பேச்சு வந்தது. எங்கள் பண்ணைக்கு வரவில்லை. ஆனால் அவருக்குப் பழைய பயம் வந்துவிட்டது. தொட்டித் தண்ணீரை நாளுக்கு இரண்டு தரம் மாற்றினார். குளோரினை ஏற்றினார். ஜூலை மாதம் இரண்டாம் ஷெட் காலியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம். துவைக்கும்போது சட்டைப் பையில் காலிப் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறார் அக்கா.

"அந்த டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரில்ல?"

"ஷெட்டு காலியாச்சு புள்ள. கழுவாம உட முடியுமா?"

"நீங்க என்ன ஷெட்டா?"

அவர் குரல் தணிந்து கேட்டது. "பயமா இருக்குது புள்ள. உள்ள என்னமோ ஓடறாப்பலயே இருக்குது. எப்படித்தான் சும்மா இருக்கறது?"

அக்கா அதற்கு மேல் சண்டை போடவில்லை. மோரை அவர் விட்டுவிட்டார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. மாத்திரையைக்கூட விட்டு விட்டுத்தான் போட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து வெறுத்தாரோ என்னவோ.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஒன்றரை மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது குறட்டை கேட்டது. நின்றது. "ஏனுங்க" என்றது அக்காவின் குரல். "இருக்கறேன்" என்றார் அவர். குறட்டை மறுபடி தொடங்கியது. நின்றது. "ஏனுங்க." இந்த முறை வார்த்தை வரவில்லை, ஒரு இழுப்பு மட்டும் வந்தது. மூன்றாம் முறை "ஏனுங்க" என்ற குரல் உயர்ந்தது. உடனே மறுபடியும், இன்னும் உயரமாக.

தட்டை வைத்துவிட்டு ஓடினேன். அக்கா அவர் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நெஞ்சை அழுத்தினேன், தெரிந்த மட்டும் செய்தேன். முட்டை வண்டியைக் கொண்டுவந்து அவரைப் பின்னால் கிடத்தி நாமக்கல்லுக்குப் போனோம். அக்கா வழியெல்லாம் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்கள்.

அதே டாக்டர்தான் இருந்தார். எதனால் என்று கேட்டேன். அழுத்தம், மூச்சு, இருதயம் மூன்றும் சேர்ந்து என்றார். பவுடரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அதுக்கு இதுல எவ்வளவு பங்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசவும் கூடாது" என்றார். எனக்கும் தெரியாது. பண்ணையில் கேட்டவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னேன்.

மகளை ஜலகண்டாபுரத்தில் நெசவுக்காரக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அவள் வந்து சேர்ந்ததும் இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அக்கா ஒரே பேச்சைத்தான் சொன்னார்.

"நானு முழிச்சுட்டுத்தான் இருந்தேனுங்க. கண்ணுகூட மூடல. கை தோள் மேலதான் இருந்துச்சு."

சொந்தக்காரர்கள் "தெரியும் சாமி, தெரியும்" என்றார்கள். அக்காவுக்கு அது போதவில்லை. அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "லேப்பம்மா, செவுத்துக்கு அந்தப் பக்கம் நீங்க கேட்டீங்கல்ல? மூணு வாட்டி கூப்பிட்டனா இல்லையா? சொல்லுங்க" என்றார்.

"கேட்டேன்க்கா. மூணு தடவைக்கு மேலயே கூப்பிட்டீங்க" என்றேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க" என்று கூடியிருந்தவர்களைப் பார்த்தும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை முதல் வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போக மச்சினனும் மற்ற ஆண்களும் வாசலில் சொம்போடு நின்றிருந்தார்கள். உள்ளே அக்கா வெறுந்தரையில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மகள் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"பாலு அம்மா தொட்டுக் குடுக்கோணும்கறாங்க. எழுப்பட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம். நீயே தொட்டுக் குடு."

அவள் எழுந்து போனாள். ஆண்கள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நான் அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஆலைக்குப் போகவேண்டும். போகவில்லை. வெயில் ஏறி ஜன்னல் வழியாக அக்காவின் முகத்துக்கு வந்தபோது எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அவர் மத்தியானம்வரை தூங்கினார்.